தேய்க்காத காசு

படத்தைப் பெரிதாக்கினாள்.

காலணா. செம்பு. ராஜாவின் மூக்கு மழுங்கியிருந்தது. கன்னத்தில் திட்டுத்திட்டாகக் கறுப்பு.

தானாகப் பழுத்த செம்பு இப்படிக் கறுக்காது. பழைய மண்பானை நிறத்துக்கு, ஒரே சீராக வரும். புளி போட்டுத் தேய்த்த செம்புதான் பிற்பாடு தேமல் விழுந்த முகம் மாதிரி ஆகும்.

இணைய ஏலத்துக்கு வரும் பழைய நாணயங்களைப் பார்த்து, எழுதியிருப்பது மெய்யா பொய்யா என்று சொல்வது அவளுக்கு வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை; கணினியில் ஏதோ என்பதற்கு மேல் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. படத்துக்குக் கீழே இரண்டு பொத்தான். ஒன்று, சரி. மற்றது, ஏமாற்று.

இந்தப் படத்தோடு எழுதியிருந்தது இது: 'தேய்க்காதது. கழுவாதது. அப்பா வைத்தது வைத்தபடி.'

இப்படிப் பொய் எழுதுகிறவர்களுக்காக அவள் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. கை தானாக இரண்டாவது பொத்தானுக்குப் போய்விடும்.

இன்று போகவில்லை.

அடுத்த படம், பெட்டி. நீல வெல்வெட்டில் காசுக்கு ஒரு குழி. ஓட்டைக் காலணாவுக்கு ஒன்று, அரையணாவுக்கு ஒன்று, விளிம்பு வளைந்த ஒரு அணாவுக்கு ஒன்று. கீல் உடைந்த இடத்தில் ஓர் ஊக்கு.

அந்த ஊக்கைக் குத்தியது அவள்தான்.

மாமனாரின் பெட்டி. ஒவ்வொரு காசாகத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவர் இருந்தவரை இந்த வீட்டுச் சாமி அலமாரியில்தான் இருந்தது. மகளுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மகள் வடிவு, அவளுக்கு நாத்தனார், அடுத்த தெருவில் இருக்கிறாள்.

பெட்டி இந்த வீட்டில் இருந்தவரை, வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கிற கையோடு மருமகள் அவள்தான் காசையும் ஒரு தேய் தேய்த்து வைப்பாள். சாமியோடு இருக்கிற பொருள் கறுத்துக் கிடக்கலாமா? கண் மங்கிய மாமனார் விரலால் தடவிப் பார்ப்பார். வழுவழுவென்று இருக்கிறதே என்பார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

இந்த வேலையில் சேர்ந்தபோது முதல் பாடமே அதுதான். பழைய காசைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் செத்த காசு, விலை போகாது.

அன்றைக்கே அவளுக்கு இந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. மாமனாரே போய்விட்டார், இனி சொல்லி என்ன என்று இருந்துவிட்டாள்.

வடிவு பொய் எழுதவில்லை. தெரியாமல் எழுதியிருக்கிறாள்.

அதற்கு ஒரு பொத்தான் இல்லை.

இதே இணையக் கணக்கில்தான் வடிவு பத்தமடைப் பாய் விற்கிறாள். அவள் வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான். ஏமாற்று என்று விழுந்தால் பாயும் சேர்ந்து முடங்கிவிடும்.

போன் பக்கத்திலேயே இருந்தது. வடிவு, நான்தான் தேய்த்தேன், அந்த வரியை எடுத்துவிடு. இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

எடுத்தாள். வடிவின் பெயர்வரை போனாள்.

வைத்துவிட்டாள்.

முகம் தெரியாத யாரோ ஒருவர் வாங்கி ஏமாந்துவிடக் கூடாதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, இரண்டாவது பொத்தானை அழுத்தினாள்.

நியாயமான காரணம்தான். அதனால்தான் அதிகம் கூசியது.

திரையில் அடுத்த காசு வந்து நின்றது. எந்த ஊரிலிருந்தோ ஒரு வெள்ளி ரூபாய். பளபளவென்று.

இதுவரை அவள் ஏமாற்று என்று தள்ளிவிட்ட காசுகளின் வீடுகளில் எல்லாம், தெரியாமல் தேய்த்த மருமகள்கள் எத்தனை பேரோ.

வெயில் தாழ வடிவு வந்தாள். இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பதுபோலப் பெட்டி.

அடுக்களைத் தரையில் விளக்குகள் வரிசையாக இருந்தன. கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அல்லவா.

"ஏமாத்துன்னு போட்டுட்டான் மதினி. நான் விக்கப் போட்ட பாய் ஒண்ணையும் அதுல காணோம். எவனோ ஒருத்தன், அவனுக்கு இருக்கது கண்ணா புண்ணா தெரியல."

அவள் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

வடிவு குடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

"திருத்திப் போட்டா மறுபடி பாப்பானாம். இப்படி மங்கிக் கெடக்கதப் பாத்துதான் நம்பல போல. ஒங்ககிட்ட இருந்தப்போ எப்படி மின்னும். எங்கிட்ட வந்துதான் இப்படி ஆயிட்டு. எல்லாம் என் கைராசி."

அவள் காலிச் சொம்பை வாங்கி ஓரமாக வைத்தாள்.

வடிவு இந்த வீட்டில் பிறந்தவள். கேட்டுக்கொண்டா எதையும் செய்வாள்? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். புளியைப் பிழிந்து குத்துவிளக்கின் தண்டில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கோபம் இறங்கியது. பித்தளை மஞ்சளாகச் சிரித்தது.

அந்தச் சிரிப்பை வடிவு சற்று நேரம் பார்த்தாள்.

பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

முகம் தெளிந்தது. காலணாவைக் குழியிலிருந்து நெம்பி எடுத்தாள்.

"இதையும் ஒரு தேய் தேச்சிருவமா?"

அவள் கை பாய்ந்து வடிவின் மணிக்கட்டைப் பிடித்தது.

வளையல் அழுந்துமளவுக்கு.

வடிவு முதலில் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, முகத்தை.

"என்ன மதினி?"

இரண்டு பேர் விரல்களிலும் புளித்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

போனில் சொல்லாததைச் சொல்ல, பிடித்த கையை விடாமலே அவளும் தரையில் உட்கார்ந்தாள்.