அலமேலுவுக்கு ஆபரேஷன்

"அலமேலு பொழைச்சா நானும் ஆபரேஷனுக்கு வரேன். அவ செத்துட்டா என்னை வுட்டுடணும். அப்பறம் யாரும் நச்சரிக்கக் கூடாது, ஆமா!"

மாமியார் பாப்பாத்தி தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். மருமகள் சுந்தரிக்குத் தலை சுற்றியது.

அலமேலு ஒன்றும் அடுத்த தெரு மனுஷி இல்லை. ஏழு மணி சீரியலில் வரும் மாமியார். அவளுக்கும் இதயத்தில் கோளாறு. வெள்ளிக்கிழமை எபிசோடில் அவளுக்கு ஆபரேஷன்.

"அத்தே, அது எவனோ எழுதற கதை. இது உங்க உசுரு! வால்வு பழுதாயிருக்குது, தள்ளிப் போட்டா ஆபத்துன்னு திருப்பதி டாக்டர் சொன்னாரே!"

"எழுதறவன் கையைப் புடிச்சி எழுத வெக்கறது யாரு? ஏழுமலையான்தானே? அவன் அலமேலு வழியா எனக்குச் சொல்றான். தலையெழுத்தை யாரால மாத்த முடியும்?"

சுந்தரி புருஷனைப் பார்த்தாள். மோகன்ராஜ் விசைத்தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தான். அம்மாவிடம் பேசி ஜெயித்தவர்கள் ஆந்திர எல்லை ஊரான நகரியில் யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ஆனால் சுந்தரிக்கு ஒரு வழி இருந்தது. அந்த சீரியல் முதலில் தெலுங்கில் வருவது. பல மாதம் கழித்துத்தான் தமிழ் பேசிக்கொண்டு இங்கே வரும். சுந்தரி தெலுங்கு மீடியத்தில் படித்தவள். அலமேலு பிழைத்தாளா இல்லையா என்று போனில் பார்த்துவிட்டால் போகிறது!

மாமியாரும் தெலுங்கில் சந்தைக்காரனோடு சண்டை போடும் அளவுக்குக் கெட்டிக்காரிதான். ஆனால் சீரியல் மட்டும் தமிழில்தான் பார்ப்பாள். "அழுவறதுன்னா நம்ம பாஷையில அழுதாத்தான் ருசி" என்பாள்.

அன்று மத்தியானம் பாப்பாத்தி வழக்கம்போலப் பக்கத்து வீட்டு நாகரத்தினம்மாவுக்குப் புளி ஆயப் போனதும், சுந்தரி போனை எடுத்தாள். தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

அடப்பாவிகளா! ஆபரேஷன் டேபிளிலேயே அலமேலு கண்ணை மூடிவிட்டாள். அடுத்த காட்சியில் அவள் போட்டோவுக்கு மாலை.

அம்மா இல்லாமல் வளர்ந்தவள் சுந்தரி. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான், சாப்பிட்டாயா என்று கேட்க ஒருத்தி கிடைத்தாள். அவளையும் ஒரு சீரியல்காரன் பிடுங்கிக்கொள்வதா?

பாப்பாத்தி கண் சிவந்து திரும்பி வந்தாள்.

"இன்னா அத்தே, அழுதீங்களா?"

"அந்தம்மாவுக்கு வெங்காயம் நறுக்கிக் குடுத்தேன்மே" என்று முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. சாயந்திரம் நல்ல மழை. பாப்பாத்தி விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்து அலமேலுவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"கொடியில துணி கெடக்குது" என்று சுந்தரி கொல்லைப்பக்கம் ஓடினாள்.

அடுத்த நிமிஷம் டி.வி.யில் படம் போய்விட்டது.

நனைந்த தலையோடு அவள் உள்ளே வந்தபோது, பாப்பாத்தி கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள்.

"கேபிள் பூடுச்சு. நல்ல நேரம் பாத்தான் கேபிள்காரன்! யாருக்காச்சும் போன் போட்டு, இன்னா ஆச்சுன்னு கேளு."

சுந்தரி வாசலுக்குப் போய் யாருக்கும் போடாத போனைக் காதில் வைத்துக்கொண்டாள். 'கோவிந்தா, பொய் சொல்லப் போறேன். பாவத்தை என் தலையில போடு, அத்தையை வுட்டுடு' என்று வேண்டிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள்.

"அத்தே! அலமேலு பொழைச்சிக்கினா! கண்ணைத் தொறந்ததும் மொதல்ல 'என் மருமவ எங்கே'ன்னுதான் கேட்டாளாம்!"

பாப்பாத்தி அவளையே பார்த்தாள். பொய் முகத்தில் தெரிந்துவிட்டதோ என்று சுந்தரிக்குப் படபடத்தது.

"சரி, டாக்டராண்ட தேதி கேளு" என்றாள் பாப்பாத்தி. "மொதல்ல தலையைத் தொவட்டு, சளி புடிச்சிக்கப் போவுது."

அதற்குப் பிறகு கேபிள்காரனைச் சுந்தரியும் கூப்பிடவில்லை, பாப்பாத்தியும் கூப்பிடச் சொல்லவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்த அன்று சுந்தரி பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள். தன் பொய்யை நம்பி உள்ளே போனவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கொன்ற பாவம் யாருக்கு? மலை ஏறி முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

கடைசியில் நர்ஸ் கதவைத் திறந்தாள். "யாரும்மா சுந்தரி? அவங்க கண்ணு முழிச்சிட்டாங்க. மருமவ எங்கேன்னு கேக்கறாங்க."

சுந்தரி ஓடிப்போய் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

"சீரியல்ல நடந்த மாதிரியே நடந்துச்சு அத்தே! அலமேலுவும் கண்ணைத் தொறந்ததும் மருமவளைத்தானே கேட்டா!"

பாப்பாத்தியின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. சுந்தரி குனிந்து காதைக் கொடுத்தாள்.

"அலமேலு எங்கமே கண்ணைத் தொறந்தா? நாகரத்தினம்மா வூட்டு டி.வி.யில எப்பவோ அவளைப் பாடையில ஏத்தறதைத் தெலுங்குலயே பாத்து அழுதவ நான். கத்திக்குப் பயந்து, அவ செத்தது தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்... நீ மழையில நனைஞ்சிக்கினு கேபிள் ஒயரைப் புடுங்கனதை, தண்ணி மொள்ளப் போனப்ப சன்னல் வழியாப் பாத்தப்பறம்தான், வாழணும்னு ஆசை வந்துச்சு."