எந்தப் பக்கத்துக் குறை?

"எங்க வம்சத்துல கல்லைத் தின்னாலும் செரிக்கும். இந்தச் சீக்கு உங்க பக்கத்துலேர்ந்துதான் வந்திருக்கணும்!" என்றார் பையனைப் பெற்ற தலைமையாசிரியை.

"செரிக்காம என்ன? ரெண்டு வருஷமா எங்க மானத்தையே தின்னு செரிச்சவங்களாச்சே!" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த, பெண்ணைப் பெற்ற சர்வேயர்.

வம்சம் ஒத்துவராது என்று இரண்டு வீடும் எதிர்த்ததால் பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணம் அது. சம்பந்திகள் ஒரே இடத்தில் உட்கார்ந்ததே இன்றுதான், இந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரி வராந்தாவில்.

உள்ளே பேரக்குழந்தை, பிறந்து இருபத்தாறே நாள், மஞ்சள் பூத்து, வயிறு உப்பிக் கிடந்தது. பாலில் இருக்கும் புரதத்தை உடைக்க வேண்டிய ஒரு என்சைம் அதன் உடம்பில் இல்லை. பாதியில் நின்றுபோன புரதம் விஷமாகிக் கல்லீரலை அரித்துக்கொண்டிருந்தது.

"ஃப்யூமரைல் அசிட்டோ... என்னமோ ஹைட்ரோலேஸாம். பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள குழந்தை நடந்துடும்" என்றார் சர்வேயர்.

"வேலை நேரத்துல ஆளைக் காணோம்னா, அது உங்க வீட்டு என்சைம்தான்!"

"உங்க வீட்டுதா இருந்தா வாய்லதான் சுரந்திருக்கும்!"

"அப்பா! அத்தை! உள்ள என் பிள்ளை கிடக்கு..." நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்குக் குரல் உடைந்தது. கணவன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

கதவு திறந்தது. டாக்டரம்மா வந்தார்.

"மருந்து வேலை செய்யுது. குழந்தை பிழைச்சாச்சு. ஆயுசுக்கும் மாத்திரை, தனிப் பால், தனிச் சாப்பாடு. அவ்வளவுதான்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியவர்கள் இருவரும் கண்ணைத் துடைத்தார்கள். துடைத்த கையோடு ஒரே குரலில் கேட்டார்கள்: "குறை எந்தப் பக்கம் டாக்டர்?"

"ரெண்டு பக்கமும். அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு சேர்ந்தாத்தான் இந்த நோயே வரும்."

இருவர் முகமும் தொங்கியது.

"ஆனா ஒரு அதிசயம்" என்று ரிப்போர்ட்டைப் புரட்டினார் டாக்டரம்மா. "இந்த மரபணுப் பிழையை இதுவரைக்கும் வேற யார்கிட்டேயும் பார்த்ததில்லை. இவங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு. நாலஞ்சு தலைமுறைக்கு முன்னாடி உங்க ரெண்டு வீட்டுக்கும் பாட்டன் ஒருத்தராத்தான் இருந்திருக்கணும்."



அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பா, இனிமே அத்தையைச் சம்பந்தின்னு திட்டாதீங்க. பங்காளின்னு திட்டுங்க!"