பத்து ஜோடி

“அவ திரும்பி வந்துதான் ஆகணும்! அடிச்சாலும் உதைச்சாலும் புருஷன் புருஷன்தானே? பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினா குடும்பம் உருப்படுமா?”

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொலைக்காட்சி நிலையத்தின் வழக்கம் இது. தொடரில் வில்லங்கமான காட்சி வந்தால், ஒளிபரப்புக்கு முன்னால் பத்து ஜோடிகளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். இன்று, அடி வாங்கி அலுத்த நாயகி வீட்டை விட்டு வெளியேறும் காட்சி. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அவர் எழுதியது.

பேசியவள் முன்வரிசைப் பெண். பக்கத்தில் கணவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்ற மனைவிமார்களும் வரிசையாக ஆமாம் போட்டார்கள்.

“கேட்டீங்களா தம்பி?” என்றார் நிகழ்ச்சித் தலைவர். “ஜனங்களுக்குப் பிடிக்கலை. வாசல் வரைக்கும் போகட்டும், குழந்தை அழட்டும், திரும்பட்டும். காலையில மாத்திக் குடுத்துடுங்க.”

“எத்தனை தடவை சார் திருப்புறது? அவ என்ன பம்பரமா?”

“நீங்க திருப்பலைன்னா வேற ஆள் திருப்புவான்.”

எழுத்தாளர் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தார். வாசலில் அந்த முன்வரிசைப் பெண் தனியாக நின்றிருந்தாள். கணவன் எதிரே வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். அது கிளம்புவதாக இல்லை.

“ரொம்ப சந்தோஷம்மா!” அடக்க முடியவில்லை அவருக்கு. “உங்களுக்காகத்தான் இத்தனை பேரோட சண்டை போட்டேன். உங்க வாயாலேயே அதுல மண்ணைப் போட்டுட்டீங்க. இனிமேலும் அழுகையே எழுதறேன். நல்லா உட்கார்ந்து பாருங்க!”

அவள் அவரைப் பார்க்கவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டுக் கேட்டா, வேற என்னண்ணா சொல்றது?” உதடு அசையாமல் வந்தது குரல்.

எழுத்தாளர் அப்போதுதான் எதிரே இருந்த கணவனைத் திரும்பிப் பார்த்தார்.

வண்டி உறுமியது. “என்னடி அங்கே பேச்சு?” என்று சத்தம் வந்தது.

அவள் படியிறங்கியபடியே அவசரமாகச் சொன்னாள்: “அவளைத் திருப்பிடாதீங்க. வெளியே போனவ அன்னிக்கு ராத்திரி எங்கே போய்ப் படுத்தா? அதை மட்டும் கொஞ்சம் விவரமா எழுதுங்கண்ணா.”