பின்னால் பார்த்த இருக்கை

2017 அக்டோபர் 14, சனிக்கிழமை காலை, கான்சாஸ் மாநிலம் சலைனாவில் வெண்டெல் ஹாக் தன் 1965ஆம் வருடத்து பிளிமத் ஸ்டேஷன் வேகன் காரை விற்கிறார்.

வாங்க வந்த டார்லா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள். வெண்டெல் பின்கதவைத் திறந்து, பின்பக்கம் பார்த்திருக்கும் கடைசி சீட்டில் தவழ்ந்து ஏறுகிறார். “பெரியவரே, அங்க எதுக்கு? உங்கள இறக்க நான் கிரேன் கூப்பிடணுமா?” “இத்தனை வருஷமும் முன்னாடியேதாம்மா உக்காந்திருந்தேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு.” வண்டி உறுமி நகர்கிறது. வீடும் தபால் பெட்டியும் மேப்பிள் மரமும் அவரை விட்டு விலகிச் சிறுத்துப் போகின்றன. வெயிலில் சூடேறிய சீட்டின் அடியில் அவர் விரல் கல்லாக இறுகிய சூயிங்கத்தைத் தொடுகிறது. வண்டிக்குள் சூயிங்கம் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவர் பிள்ளைகள் ரூத்தும் கிளிஃபும் சிறு வயதில் இங்கே உட்கார்ந்துதான், பின்னால் வரும் வண்டிக்காரர்கள் பதிலுக்குக் கையசைக்கும்வரை விடாமல் கையசைப்பார்கள். “சும்மா இருங்க” என்று அவர் திரும்பாமலே அதட்டுவார். வேகன் வேணுமா என்று போன வாரம் இருவரையும் போனில் கேட்டார். “வித்துடுங்கப்பா” என்றார்கள். வெண்டெல் கையைப் பாதி உயர்த்தி வைத்திருக்கிறார். கோதுமைக் களஞ்சியம்வரை சாலை நேராகக் கிடக்கிறது. “பின்னாடி ஏதாவது வருதா?” என்று டார்லா கேட்கிறாள். “ஒண்ணும் வரல. தைரியமா திருப்பு.”

பதினொன்றரை மணிக்கு அவர் வண்டிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். டார்லா வண்டியை ஓட்டிச் செல்கிறாள்.