வகியோவின் கோங்

இந்தோனேசியாவின் ஜோக்ஜா நகரிலிருந்த அந்தச் சின்ன நிறுவனம் மாலைக்குள் கணினி விளையாட்டை ஒப்படைத்தாக வேண்டும். சந்தைக் காட்சியின் பின்னணியில் ஓடும் கமெலான் என்ற ஜாவா வாத்தியக் குழு இசைதான் ஒத்துழைக்கவில்லை. ஒலிப்பதிவைக் கவனித்துக்கொண்ட வெனிங் இசைக் கோப்பை மாற்றிப் பார்த்தாள், கணினியையே மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு சுற்றும் முடிந்து பெரிய வெண்கலக் கோங் ஒலிக்கப்போகும் நேரத்தில் இசை திக்கித் திக்கி நின்றது.

அந்தக் கோங் மட்டும் இணையத்தில் வாங்கிய ஒலி. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்ததில், மற்றவர்கள் வாசித்து முடித்து, கோங் அடிக்கும் வகியோவின் முறை வருவதற்குள் அவர் இறந்துபோயிருந்தார்.

அதே குழுவின் மேளக்காரர் துகிமானைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அண்ணே, அந்த இடத்துல மட்டும் ஏன் திக்குது?"

"வகியோ எப்பவும் லேட்டாத்தான் அடிப்பான், சோம்பேறிப் பய. அவனுக்காக நாங்க காத்துக்கிட்டு வாசிச்சோம். நீ யாரைக் கேட்டு அங்க வேற ஆளை உக்கார வச்சே?"

"ஆளு இல்லண்ணே, வெறும் சத்தம்."

"எடுத்துட்டுப் பாரேன்."

எடுத்தாள். திக்கல் போய்விட்டது. சுற்றின் முடிவில் கொஞ்சம் வெற்றிடம், யார் கவனிக்கப்போகிறார்கள்? அனுப்பிவிட்டாள்.

ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, ஆறிப்போன தேநீருக்குக் கை நீட்டினாள். திரையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த இசையைக் காட்டும் கோடு சத்தமில்லாமல் நகர்ந்து சுற்றின் முடிவைக் கடந்தது. ஒரு மூச்சு கழித்து, தேநீரின் நடுவில் ஒரு வளையம் கிளம்பி விளிம்பைத் தொட்டது.

வெனிங் கையை இழுத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாள். இந்த முறையும் லேட்டாகத்தான் வந்தது.