முதுகுக்குப் பின்னால் போகும் பந்து

"ஏல லாசர், எத்தனை தடவ சொல்லுதது? ஓரத்துக் கோட்டைப் பார்த்து ஓடாத. கம்பத்தைப் பார்த்து நேரா ஓடு!"

பம்பாய் செம்பூர் தொழிற்சாலை மைதானத்தில் ஏசுதாஸ் மறுபடி விசிலை ஊதினார். அவர் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது துரைமார்களோடு, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி ஆட்டம் ஆடியவர். தொழிற்சாலை அணிக்கு இப்போது அவர்தான் பயிற்சியாளர்.

"இன்னும் பின்னால தள்ளி நில்லு. பந்து வீசிக் குடுக்க ஷிண்டே கைக்குப் பந்து வந்த பிறகு புறப்படு. எதிராளி ரெண்டு பேருக்கு நடுவுல பாய். உனக்குத்தான் பந்து வருதுன்னு அவனுவ நம்பி உன் மேல விழணும்."

"பந்து வருமா சார்?"

"வராது. உன் முதுகுக்குப் பின்னால கனிக்குப் போகும். ஆனா நீ வரும்னு நெனச்சே ஓடணும். கை தயாரா இருக்கணும்."

லாசருக்கு வயிறு எரிந்தது.

நாகூர் கனி அணிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. தாராவியில் லாசர் இருக்கும் அதே சந்துக்காரன். அதற்கு முன்னால் ஓரத்தில் பறந்து போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துப் புள்ளி எடுத்தவன் லாசர்தான். இப்போது அவனை நடுவில் இழுத்துப் போட்டு, கனியை அந்த இடத்தில் நிறுத்திவிட்டார் ஏசுதாஸ்.

திட்டம் பலித்தது. ஒவ்வொரு மேட்சிலும் இரண்டு தடியன்கள் லாசரைச் சேற்றில் போட்டு அமுக்குவார்கள். அவன் எழுந்து பார்க்கும்போது கனி ஒரு கீறல் இல்லாமல் அந்தப் பக்கம் நிற்பான். எல்லோரும் அவனைத் தோளில் தூக்குவார்கள்.

அடி லாசருக்கு. ஆரவாரம் கனிக்கு.

"அந்தக் கனி நேத்து ரெண்டு தடவ கோட்டைத் தாண்டிட்டானாமே? சந்து பூரா அதே பேச்சுதான்" என்றாள் சேசம்மாள், புருஷன் லாசரின் விலாவில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே.

"எனக்கு எப்படி அடி பட்டுச்சுன்னு சந்துல ஒருத்தரும் கேக்கலையாக்கும்?"

துணியை அவள் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

கடைசி மேட்சுக்குச் செலக்டர்கள் வருவதாகப் பேச்சு வந்தது. கல்கத்தா போகும் பம்பாய் அணியில் ஒரு இடம் காலியாம். அது கனிக்குத்தான் என்று கேண்டீன் வரைக்கும் முடிவே செய்துவிட்டார்கள். லாசருக்கு முப்பது நெருங்கிவிட்டது. அடுத்த வருஷம் அவனை யார் தேடி வரப்போகிறார்கள்?

மேட்ச் அன்று காலையிலிருந்தே மழை. கடைசி நிமிஷங்கள் வரை இரண்டு பக்கமும் சமம். குடைக்கடியில் செலக்டர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

பந்து ஷிண்டே கைக்கு வந்தது.

லாசர் புறப்பட்டான். வலது பக்கம் கனி ஓடிவரும் சத்தம் காதில் விழுந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவனைத் தோளில் தூக்குவார்கள். குடைக்கடியில் நிற்பவர்களும் கைதட்டுவார்கள்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது நடக்காமல் போகட்டும்.

லாசர் நேராக ஓடவில்லை. வலது பக்கம் ஒதுங்கி, கனியின் பாதையை மறித்தபடி குறுக்கே ஓடினான்.

அந்த நொடியில்தான் பார்த்தான். பந்து வழக்கம்போல் கனிக்குத்தான் போகும் என்று எதிரணிக்காரர்கள் அத்தனை பேரும் அவனைப் பார்த்தே பாய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் மாட்டு வண்டி போகிற அளவுக்கு வழி திறந்து கிடந்தது. ஷிண்டே வீசிய பந்து கனிக்கு வரவில்லை. லாசர் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் போய், ஆள் இல்லாத சேற்றில் விழுந்தது.

எதிரணிக்காரன் ஒருவன் அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான். அவனைப் பிடிக்க யாராலும் முடியவில்லை.

ஆட்டம் முடிந்தது. குடைகள் இரண்டும் காரை நோக்கி நகர்ந்தன.

ஏசுதாஸ் மழையில் நனைந்தபடியே வந்தார். "எங்கல போன நீ? கம்பம் வரைக்கும் வழி தொறந்து கெடந்துச்சே!"

லாசர் முகத்துச் சேற்றைத் துடைத்தான். "எனக்கு... பந்து வரும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்."

"சொன்னா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திரும். எதிராளி மோப்பம் பிடிச்சிருவான். அதான் உன்கிட்டச் சொல்லாம ஷிண்டே காதுல போட்டு வச்சேன். நீ ஏன் குறுக்க ஓடின?"

பக்கத்தில் நின்றிருந்த கனி முந்திக்கொண்டான். "அண்ணனுக்குக் கால் வழுக்கிட்டு சார். நான் பார்த்துட்டுத்தானே வந்தேன்? சேறு அப்படி."

லாசர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். வழுக்கவில்லை என்பது கனிக்குத் தெரிந்திருந்தது.

"ஏல, நீ சும்மா கெட!" ஏசுதாஸ் கனியின் மேல் எரிந்து விழுந்தார். "'கல்கத்தாவுக்கு நான் அடுத்த வருஷம் போய்க்கிடுதேன், லாசர் அண்ணனுக்கு இதான் கடைசி, அந்தப் பந்தை அவருக்குக் குடுங்க சார்'னு நேத்து என் வீட்டு வாசல்ல வந்து நின்னவன் நீதானே?"