அரை மில்லிமீட்டர் கோணல்

"இந்த பிளேட்ட காலையில நானே கொஞ்சம் கோணலாக்கி வச்சிருக்கேன் தங்கச்சி. எவ்வளவு கோணல்னு உங்க கருவி சொல்லட்டும். சரியாச் சொல்லிட்டா இன்னைக்கே ஓடர்!"

ரவூப் நானா மரம் அறுக்கும் மேசையில் துருத்தி நின்ற வட்ட வாளைத் தட்டிக் காட்டினார். உக்குவளையில் மருந்துக்கடை வைத்திருப்பவர், ஊரில் எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். கடை இல்லாத நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கொட்டிலில்தான் கிடப்பார். அவரைப் போலவே பொழுதுபோக்குக்கு மரவேலை செய்கிற நாலாயிரம் பேர் சேர்ந்த பேஸ்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் நல்லது என்றால் அத்தனை பேரும் வாங்குவார்கள். சரியில்லை என்றால் ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

அஞ்சலா கையிலிருந்த கருவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கார்மண்ட்ஸில் தையல் மெஷின் பழுது பார்க்கிறவள். பதினொரு மாதம் மண்டையை உடைத்து, ஏழு தடவை செய்து குப்பையில் போட்டு, எட்டாவது தடவை சரிவந்த கருவி இது. எல்கடுவையிலிருந்து வரும் வழியெல்லாம் பச்சைப் பிள்ளையை வைத்திருப்பது போல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

"வெளிநாட்டுச் சாமான் முப்பதாயிரம் நானா. இது ரெண்டாயிரம்தான்!" என்று ஆரம்பித்தான் அவள் கணவன் ஷெல்டன். த்ரீவீல் ஓட்டுகிறவன், அவன் வாய் சும்மா இருக்குமா? "அடியில இருக்கிறது மரக்கறி வெட்டுற பிளாஸ்டிக் பலகை. முள்ளு சைக்கிள் ஸ்போக் கம்பி. எல்லாம் இவ மூளை!"

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள் அஞ்சலா. சந்தோஷத்தை மறைக்கத்தான் முடியவில்லை. "நானா, பிளேட் மேசையில வெட்டியிருக்கிற இந்தக் காடிப் பள்ளத்துக்கு நேரா நிக்கணும். இல்லாட்டி பலகை கருகும், சில நேரம் எகிறி ஆளையே அடிக்கும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் என்ட முள்ளு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்து காட்டிரும். கண்ணாடி போடாமலே பார்க்கலாம்."

"பார்ப்போமே," என்றார் ரவூப் நானா.

அஞ்சலா பிளக்கைக் கழற்றினாள். கருவியை மேசையின் காடியில் பொருத்தினாள். பிளேட்டின் ஒரு பல்லில் பேனாவால் புள்ளி வைத்து, கம்பி நுனியை அதில் முட்டவிட்டு, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாள். பிறகு அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி, கருவியையும் பின்னால் தள்ளினாள்.

முள் அசையவில்லை.

மறுபடி செய்தாள். பூச்சியம். மூன்றாவது தடவையும் அதே பூச்சியம்தான்.

"நீங்க நிதானமாப் பாருங்க. நான் பிளேன்டீ எடுத்துட்டு வாறேன்," என்று ரவூப் நானா வீட்டுக்குள் போனார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், ஷெல்டன் ஓடிவந்தான். "என்னடி, வேலை செய்யலியா?"

"தெரியலீங்க. நேரா இருக்குன்னு காட்டுது."

"அவர்தான் கோணலாக்கி வச்சிருக்கேன்னாரே! பேசாம அரை மில்லிமீட்டர்னு சொல்லிடு. அதைவிடக் கூடவா திருப்பியிருப்பார்? வீட்ல கட்டிலுக்கு அடியில செஞ்சு வச்ச நாப்பது கருவி விக்காம கிடக்கு அஞ்சலா!"

அவள் மறுபடி முள்ளைப் பார்த்தாள். அரை மில்லிமீட்டர். ரெண்டே சொல். சொல்லிவிட்டால் போதும்.

சட்டென்று ஷெல்டனின் சட்டைப்பையிலிருந்த லொத்தர் சீட்டைப் பிடுங்கினாள். பிளேட்டுக்கும் கம்பி நுனிக்கும் நடுவில் செருகினாள்.

முள் துள்ளி ரெண்டு கோடு தள்ளிப் போய் நின்றது!

"பார்த்தீங்களா? ஒரு கடதாசியோட தடிப்பையே காட்டுது!" அவள் சீட்டை உருவி எடுத்தாள். "என் கருவியில ஒரு பிழையும் இல்லீங்க!"

ரவூப் நானா தேநீர்த் தட்டோடு வந்தார். "என்ன தங்கச்சி, எவ்வளவு கோணல்?"

ஷெல்டன் பின்னால் நின்று அரை, அரை என்று விரலால் சைகை காட்டினான்.

"கோணலே இல்ல நானா. பிளேட் நேராத்தான் இருக்கு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்படி இல்ல நானா. நீங்க திருப்பியிருப்பீங்க, அது திரும்பாம இருந்திருக்கும். வேணும்னா வீட்ல இருக்கிற நாப்பது கருவியையும் கொண்டுவந்து வச்சுப் பார்க்கிறேன். நாப்பதும் இதைத்தான் சொல்லும்."

ரவூப் நானா தட்டை மேசையில் வைத்தார். குனிந்து முள்ளைப் பார்த்தார். அஞ்சலாவையும் பார்த்தார். ஷெல்டன் தலையில் கைவைத்துக்கொண்டு, த்ரீவீல் சாவியை வெளியே எடுத்துவிட்டான்.

"இருநூறு செய்ய எத்தனை நாள் எடுக்கும்?" என்றார் ரவூப் நானா.

அஞ்சலாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. ஷெல்டனுக்குத்தான் வாய் முந்தியது. "நானா, இவதான் கோணலைக் கண்டுபிடிக்கவே இல்லியே?"

"எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான்தான் அந்த பிளேட்டத் தொடவே இல்லியே!" ரவூப் நானா சிரித்துக்கொண்டே கோப்பையை அவளிடம் நீட்டினார். "உங்களுக்கு முந்தி நாலு பேர் கருவி கொண்டுவந்தாங்க தங்கச்சி. நாலு பேருமே கோணலைக் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டுத்தான் போனாங்க."